ஒரு கடை, ஒரு தட்டு: நண்பர்களோடு சான் செபாஸ்தியான்

நண்பர்களாகச் சேர்ந்து ஸ்பெயினுக்குப் போகிறோம், எந்த ஊர் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் மாட்ரிடையோ பார்சிலோனாவையோ சொல்வதில்லை. இரண்டும் அருமையான ஊர்கள்தான், ஆனால் பெரிய ஊர்கள். எட்டுப் பேர் போய் இறங்கினால் ஒருவர் ஓவியக்கூடம் என்பார், இன்னொருவர் கால்பந்து மைதானம் என்பார். மாலையில் எல்லாரையும் ஓரிடத்தில் சேர்ப்பதற்குள் விடுமுறையில் பாதி மெட்ரோ ரயிலில் கழிந்துவிடும். நல்ல சாப்பாட்டுக்காகவும், ஒருவரோடு ஒருவர் இருப்பதற்காகவும் போகிற கூட்டத்துக்கு நான் சொல்லும் ஊர், வடக்குக் கடலோரத்தில் பிரெஞ்சு எல்லைக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சான் செபாஸ்தியான்.

இது பாஸ்க் மக்களின் நாடு. அவர்கள் மொழியில் ஊரின் பெயர் தொனோஸ்தியா. பேருந்துப் பலகையிலும் ரயில் சீட்டிலும் இரண்டு பெயர்களும் மாறி மாறி வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம். மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கடற்கரை, மலை, சந்தை, பழைய நகரம் எல்லாமே நடந்து போகிற தூரத்தில். யாராவது பிரிந்து போனாலும் இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடலாம். கூட்டமாகப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. இந்த ஊரே கூட்டமாகச் சாப்பிடும் ஊர். பள்ளிக்கூட நாட்களில் சேர்ந்த நண்பர்கள் அறுபது எழுபது வயது வரை அதே கூட்டமாக வாரந்தோறும் சந்தித்துச் சாப்பிடுவது இங்கே சாதாரணம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயரே உண்டு: குவாத்ரியா. யார் பணம் கொடுப்பது, எவ்வளவு நேரம் நிற்பது, ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று நம்மைப் போன்ற கூட்டங்கள் பயணத்தில் மல்லுக்கட்டும் எல்லாவற்றுக்கும் இவர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி அந்த வழிகளைப் பற்றியது.

பார் என்றால்

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 'பார்' என்றதும் மனத்தில் எழும் படம் வேறு. பெண்களும் குழந்தைகளும் போகாத, வெளிச்சம் குறைந்த இடம். சான் செபாஸ்தியானில் பார் என்பது நம் ஊர்க் காப்பிக் கடையும் டிபன் கடையும் சேர்ந்தது போன்றது. காலையில் அங்கேதான் காப்பியும் ரொட்டியும். மதியம் பாட்டி ஒருத்தி பேரனைக் கூட்டிவந்து மேடையில் இருக்கும் பண்டத்தைக் கைகாட்டி வாங்கித் தருவாள். மது அருந்தாதவர்கள் தயங்க வேண்டியதே இல்லை. 'மோஸ்தோ' என்று கேளுங்கள். புளிக்கவைக்காத திராட்சைச் சாறு வரும், பெரும்பாலும் ஆரஞ்சுத் துண்டும் ஆலிவ் காயும் போட்டு. உள்ளூர்க்காரர்களே விரும்பிக் குடிப்பது. மது அருந்துபவர்களுக்குச் சின்ன அளவு பியர் 'சுரித்தோ'. உள்ளூர் வெள்ளை ஒயின் 'ச்சகோலி'. இதைக் கையை உயர்த்தி உயரத்திலிருந்து கிளாஸில் ஊற்றுவார்கள். எதையும் சிறிய அளவில் கேட்பதுதான் இங்கே வழக்கம். ஒரே மாலையில் நான்கைந்து கடை ஏறப் போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

மேடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் சின்னச் சின்னப் பண்டங்கள்தான் பின்ச்சோ. குத்துவது என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். ரொட்டித் துண்டின்மேல் பண்டத்தை வைத்துக் குச்சியால் குத்தி நிறுத்துவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னோடியாகச் சொல்லப்படுவது 'ஹில்தா': ஓர் ஆலிவ், இபார்ரா ஊரின் ஊறவைத்த பச்சை மிளகாய், உப்பில் பதப்படுத்திய நெத்திலி, மூன்றும் ஒரு குச்சியில். 1946-ல் வந்த 'ஹில்தா' திரைப்படத்தில் ரீட்டா ஹேவொர்த் ஏற்ற பாத்திரத்தின் பெயரை இதற்கு வைத்தார்கள். காசா வய்யேஸ் என்ற கடையில் பிறந்தது என்பார்கள். மிளகாய் உறைக்காது, புளிக்கும். ஊறுகாயோடு வளர்ந்த நமக்கு முதல் கடியிலேயே பிடித்துப்போகும்.

கூட்டம் செய்யும் தவறு

முதல்முறை நாங்கள் ஒன்பது பேர் போனோம். சனிக்கிழமை இரவு எட்டரை மணி. பழைய நகரத்துச் சந்தில் ஒரு கடைக்கு வெளியே இரண்டு மேசைகளை இழுத்துச் சேர்த்து உட்கார்ந்து, கண்ணில் பட்ட தட்டுகளையெல்லாம் வாங்கிவந்து நிரப்பினோம். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாருக்கும் வயிறு நிறைந்துவிட்டது. பண்டங்களெல்லாம் ஆறியவை, பெரும்பாலும் ரொட்டி. பில் வந்ததும் இறைச்சி தின்னாத இருவரும் குடிக்காத மூவரும் பேசாமல் இருந்தார்கள். அந்தப் பேச்சின்மை அடுத்த நாள் மதியம் வரை நீடித்தது.

அதே இரவு பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. ஒருவர் மட்டும் மேடைக்குப் போய்ப் பேசினார். ஆளுக்கொரு சின்ன கிளாஸ் வந்தது. சுடச்சுட ஒரு தட்டும் வந்தது. கால் மணி நேரத்தில் முடித்து, அந்த ஒருவரே பணம் கொடுக்க, எல்லாரும் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். மறுநாள் மாலை நாங்களும் அப்படியே செய்து பார்த்தோம். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எங்கள் கூட்டத்தில் பணப் பேச்சு எழுந்ததில்லை.

அவர்கள் செய்வதன் உள்முறை இது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பண்டத்தில்தான் பெயர். அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு நகர வேண்டும். ச்செப்பெச்சாவில் நெத்திலி. கன்பாராவில் கல்லில் வாட்டிய காளான், நடுவில் பச்சை முட்டை மஞ்சள் கரு. லா கூச்சாரா தே சான் தெல்மோவில் மாட்டுக் கன்ன இறைச்சி. போர்தா பெர்ரியில் இதியாசாபல் பாலாடைக்கட்டி சேர்த்த ரிசோத்தோ. கந்தாரியாஸில் மாட்டிறைச்சித் துண்டு. லா வீன்யாவில் மேற்புறம் கருகச் சுட்ட சீஸ் கேக். உலகமெங்கும் 'பாஸ்க் சீஸ் கேக்' என்று விற்பதெல்லாம் இந்தக் கடையைப் பார்த்துச் செய்ததுதான். நெஸ்தோரில் உருளைக்கிழங்கு ஆம்லெட். மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று நாளுக்கு இரண்டே பெரிய ஆம்லெட்டுகள் சுடுவார்கள், துண்டு வேண்டுமென்றால் முன்னதாகவே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வர வேண்டும். கூட்டத்தில் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

மேடையில் அடுக்கியிருப்பதை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: நல்ல பண்டம் சுவரில் மாட்டிய கரும்பலகையில் இருக்கிறது. சொன்ன பிறகு அடுப்பில் ஏறும் சூடான பின்ச்சோக்களை அதில்தான் எழுதி வைத்திருப்பார்கள். குளிர்ந்தவற்றில் ஒன்று, சூடானவற்றில் ஒன்று என்று சொன்னால் போதும். மேடையில் இருப்பதை நீங்களே எடுக்கலாமா என்பது கடைக்குக் கடை மாறும். தட்டு கேட்டுவிட்டு எடுப்பது எங்கும் மரியாதை. என்னென்ன எடுத்தோம் என்று கடைசியில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான கடைகளில் உங்கள் வார்த்தையை நம்பியே கணக்குப் போடுவார்கள். கூட்டமாகப் போகும்போது ஒருவர் எண்ணிக்கொண்டே இருப்பது அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யும் கைம்மாறு.

போத்தே என்னும் பொதுப் பை

அன்று எல்லாருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்த அந்தப் பெரியவர் கையில் இருந்த பொதுப் பணப் பைக்குப் பெயர் 'போத்தே'. டப்பா, ஜாடி என்று பொருள். மாலை தொடங்கும்போது எல்லாரும் ஒரே தொகையை அதில் போடுவார்கள். ஒருவர் அதை வைத்துக்கொள்வார். ஒவ்வொரு கடையிலும் அவர் ஒருவரே பணம் கொடுப்பார். தீர்ந்துபோனால் எல்லாரும் மறுபடி ஒரே தொகை போடுவார்கள். மிஞ்சினால் அடுத்த நாளுக்கு.

நம் குழுக்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒரு திருத்தத்தோடு. இரண்டு பை வையுங்கள்: சாப்பாட்டுக்கு ஒன்று, மதுவுக்கு ஒன்று. குடிப்பவர்கள் மட்டும் இரண்டாவதில் போடட்டும். பெரும்பாலான தமிழ் நண்பர் கூட்டங்களில் குடிக்காதவர் ஒருவராவது இருப்பார். அவர் வாயைத் திறந்து கேட்கப் போவதில்லை, நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பின்ச்சோ பொதுவாக 3 முதல் 5 யூரோ வரை ஆகும். ஒரு மாலைக்கு ஆளுக்கு 30 யூரோ போட்டுத் தொடங்குவது எங்கள் அனுபவத்தில் சரியாக இருந்தது. பையைத் தினம் ஒருவர் சுமக்கட்டும். கணக்கில் கெட்டிக்காரர் என்று ஒருவரையே ஐந்து நாளும் சுமக்கவைத்தால் அவருக்கு அது விடுமுறை இல்லை, வேலை. பத்து, ஐந்து யூரோ நோட்டுகளாக மாற்றி வையுங்கள். நெரிசலான கடையில் ஐம்பது யூரோ நோட்டுக்குச் சில்லறை கேட்டு நிற்பது யாருக்கும் நல்லதல்ல. டிப்ஸ் கட்டாயமில்லை, மிஞ்சிய சில்லறையை விட்டு வந்தால் போதும்.

எட்டுப் பேர் என்றால் நான்கு, நான்கு

பழைய நகரத்துக் கடைகள் குறுகலானவை. எட்டுப் பேர் ஒன்றாக நுழைந்தால் பாதிப் பேருக்கு மேடையே தெரியாது. ஆகவே நான்கு நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு நாலுக்கும் தனிப் பை. இரண்டு அணிகளும் வெவ்வேறு கடையில் தொடங்கி, மாற்றிக்கொண்டு, கடைசியில் கான்ஸ்திதூசியோன் சதுக்கத்தில் சேருங்கள். அங்கே சுற்றிலும் உள்ள வீடுகளின் மாடங்களில் எண்கள் எழுதியிருக்கும். சதுக்கத்தில் ஒரு காலத்தில் காளைச் சண்டை நடந்தது, எண்கள் அப்போது பார்வையாளர் இருக்கைகளுக்கு இட்டவை. '24-ஆம் எண்ணுக்குக் கீழே, பத்து மணிக்கு' என்று சொல்லிவிட்டால் கைப்பேசியில் சார்ஜ் போனாலும் யாரும் தொலைய மாட்டார்கள்.

தம்பதிகளையும் நெருங்கிய நண்பர்களையும் வெவ்வேறு அணியில் போடுவது நல்லது. சதுக்கத்தில் சேரும்போது சொல்ல எல்லாரிடமும் புதிதாக ஏதாவது இருக்கும்.

இங்கே நேரம் நம் ஊர்க் கணக்கில் ஓடாது. மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு எட்டரை ஒன்பதுக்கு மேல். நடுவில் நான்கு முதல் ஏழு வரை பல சமையலறைகள் மூடியிருக்கும். ஆறு மணிக்குப் பசிக்கிற பெரியவர்களும் குழந்தைகளும் கூட்டத்தில் இருந்தால் தங்கும் இடத்தில் பழமும் ரொட்டியும் வாங்கி வையுங்கள். ஞாயிறு இரவிலும் திங்களன்றும் பல நல்ல கடைகளுக்கு விடுமுறை. வார இறுதி நெரிசலையும் இந்த விடுமுறையையும் தவிர்க்க செவ்வாய் முதல் வெள்ளி வரை தங்குவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. அதிலும் வியாழக்கிழமை மாலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள குரோஸ் பகுதிக்குப் போக வேண்டும். அன்று 'பின்ச்சோ போத்தே': ஒரு பானமும் ஒரு பின்ச்சோவும் சேர்த்துக் குறைந்த விலைக்குத் தருவார்கள். தெருவெல்லாம் உள்ளூர் இளைஞர் கூட்டம். பண்டத்தின் தரத்துக்காகப் போக வேண்டாம், கூட்டத்துக்காகப் போங்கள்.

இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு

இந்தப் பகுதியை மறைக்காமல் எழுத வேண்டும். கடலும் இறைச்சியும்தான் இந்த ஊர்ச் சமையலின் உயிர். சைவ உணவுக்காரர் பட்டினி கிடக்க மாட்டார், ஆனால் திட்டம் இல்லாமல் வந்தால் ஐந்து நாளும் உருளைக்கிழங்கு ஆம்லெட்தான். முட்டையும் சாப்பிடாதவருக்கு அதுவும் இல்லை.

'கார்னே' என்றால் இறைச்சி. 'கார்னே வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. பலருடைய காதில் அது சிவப்பு இறைச்சி என்றுதான் விழும். சாலட்டில் சூரை மீனும் காளானில் 'ஹமோன்' என்னும் பன்றியின் உப்பிட்ட தொடை இறைச்சியும் வந்து நிற்கும். முழுதாகச் சொல்லுங்கள்: 'நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி அதூன்.' இறைச்சி, மீன், ஹமோன், சூரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று பொருள். முட்டையும் வேண்டாம் என்றால் 'சின் உவேவோ'. ஒரு தாளில் ஸ்பானிய எழுத்தில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது.

கேட்டு வாங்க வேண்டியவை: எண்ணெயில் பொரித்துக் கல்லுப்புத் தூவிய கெர்னிகா பச்சை மிளகாய்கள், வாட்டிய காளான், தக்காளி தேய்த்த ரொட்டி, ஊறவைத்த இபார்ரா மிளகாய், ஆலிவ். தொலோசா ஊரின் கறுப்பு பீன்ஸ் அருமையானது, ஆனால் கூடவே பன்றி இரத்தத்தில் செய்த தொத்திறைச்சி வரும்; தனியாகக் கேட்டாலும் பானைக்குள் இறைச்சி வெந்திருக்கலாம். ரிசோத்தோவில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதியாசாபல் செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பாலாடைக்கட்டி. அதை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைச் சேர்ப்பார்கள் என்பதைக் கண்டிப்பான சைவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இறைச்சி சாப்பிடுபவர்களிலும் மாடு தவிர்ப்பவர், பன்றி தவிர்ப்பவர் உண்டு. 'தெர்னேரா', 'பாகா', 'புவேய்', 'ச்சுலேதா' எல்லாம் மாட்டுக் குடும்பம். 'சொலோமியோ' என்று மொட்டையாக எழுதியிருந்தால் இந்த ஊரில் பெரும்பாலும் மாடுதான். 'செர்தோ' பன்றி, 'கோர்தேரோ' ஆடு, 'போய்யோ' கோழி. இந்த ஏழெட்டுச் சொற்களைக் கூட்டத்தில் எல்லாருமே படித்துவைத்திருக்க வேண்டும். தட்டை நீட்டுபவர் சாப்பிடுபவருக்காகக் கேட்க வேண்டிய ஊர் இது.

ஒரு நாள் நீங்களே சமையுங்கள்

இந்த ஊரில் வெளியாள் எளிதில் பார்க்க முடியாத ஒன்று உண்டு. நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சமையல் சங்கங்கள். ஸ்பானியத்தில் 'சொசியெதாத் கஸ்த்ரோநோமிகா', பாஸ்க் மொழியில் 'ச்சோக்கோ' என்றும் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம். பெரிய அடுப்பு, நீண்ட மேசைகள், சரக்கறை. உறுப்பினர் தம் நண்பர்களைக் கூட்டிவந்து தாமே சமைத்துப் பரிமாறுவார். சரக்கறையில் எடுத்த எண்ணெயையும் ஒயினையும் தாமே சீட்டில் எழுதிப் பணத்தைப் போட்டுவிட்டுப் போவார். கண்காணிப்பவர் யாருமில்லை. நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே சமைத்த இடங்கள் இவை. இப்போது பல சங்கங்கள் மாறிவருகின்றன. உள்ளூர் உறுப்பினர் அழைத்தாலொழிய உள்ளே போக முடியாது. அழைப்பு கிடைத்தால் வேறு எந்தத் திட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.

அழைப்பு கிடைக்காவிட்டால் அதே காரியத்தைத் தங்கும் வீட்டில் செய்யலாம். ஆறு பேருக்கு மேல் இருந்தால் விடுதி அறைகளைவிட சமையலறையுள்ள வீடுதான் பொருத்தம். சுற்றுலா வீடாகப் பதிவுபெற்றதா, பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பழைய நகரத்துக்குள் எடுக்காமல் குரோஸ் பகுதியிலோ நடுநகரத்திலோ எடுத்தால் இரவில் தூங்கலாம். மாடியில் குடும்பங்கள் வாழ்கின்றன. நள்ளிரவில் நம் சிரிப்பு அவர்கள் சுவரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது விருந்தாளியின் கடமை. தங்குபவர் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் விவரத்தையும் வீட்டுக்காரர் கேட்பார். ஸ்பெயினில் அது சட்டம், சந்தேகப்பட வேண்டாம்.

காலையில் லா பிரெச்சா சந்தைக்குப் போங்கள். வெளியே சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் தோட்டத்துக் காய்களோடு நிற்பார்கள், கீழ்த்தளத்தில் மீன். வசந்தத்தில் போனால் நெத்திலி. நம் ஊர் நெத்திலியைவிடக் கொஞ்சம் பெரியது. கோடையில் சூரை. இலையுதிர்காலத்தில் காட்டுக் காளான் வந்து குவியும். நாங்கள் அரைக்கிலோ நெத்திலி வாங்கித் தலையைக் கிள்ளி, எங்களோடு கொண்டுபோன மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தடவி ஆலிவ் எண்ணெயில் பொரித்தோம். கூட ரொட்டி, தக்காளி. அந்த முதல் நாள் கூத்தை விட்டால், ஐந்து நாட்களில் நாங்கள் எல்லாரும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் உட்கார்ந்தது அந்த இரவு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தை இல்லை, பெரும்பாலான கடைகளும் இல்லை, சனியன்றே வாங்கிவிடுங்கள்.

ச்சோச் என்று குரல் கேட்டால்

ஜனவரி பிற்பாதி முதல் ஏப்ரல் வரை போகிறவர்களுக்கு ஒரு தனி விருந்து காத்திருக்கிறது. ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் அஸ்திகர்ராகா என்ற சிற்றூர். ஆப்பிளைப் புளிக்கவைத்து 'சகர்தோ' என்னும் சைடர் செய்யும் தோட்ட வீடுகள் அங்கே உண்டு. பருவத்தில் அந்த வீடுகளே உணவகமாகும். நீண்ட பொது மேசைகள். சாப்பாடு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: உப்பிட்ட காட் மீன் ஆம்லெட், மிளகாயோடு பொரித்த காட் மீன், கனலில் சுட்ட பெரிய மாட்டு விலா, கடைசியில் பாலாடைக்கட்டியும் சீமைமாதுளைப் பாகும் அக்ரூட்டும். சாப்பாட்டு நடுவே யாராவது 'ச்சோச்!' என்று குரல் கொடுத்தால் எல்லாரும் கிளாஸோடு எழுந்து மாபெரும் மரப்பீப்பாய்களிடம் போவார்கள். அடைப்பைத் திறந்ததும் மெல்லிய தாரை தூரத்தில் பாயும். அதைக் கிளாஸின் உள்சுவரில் வாங்கி, இரண்டு விரற்கிடை நிரம்பியதும் விலகி அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். நிரப்பிக்கொண்டு நிற்பது நாகரிகமில்லை.

மாடும் மீனும் சாப்பிடாதவருக்கு இந்த விருந்தில் மிஞ்சுவது கடைசித் தட்டு மட்டும். இடம் பதிவு செய்யும்போதே சொன்னால் சில வீடுகளில் மாற்று ஏற்பாடு செய்வார்கள். போய் இறங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் சைவம் என்றால் இதை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. போக பேருந்து உண்டு; திரும்ப டாக்சிக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

சாப்பாட்டுக்கு நடுவே

பசி எடுக்க நடப்பதற்கென்றே அமைந்த ஊர் இது. லா கோன்ச்சா கடற்கரை பிறை வடிவத்தில் வளைந்து கிடக்கிறது. ஓதம் வற்றிய நேரத்தில் மணலிலேயே நடந்து பாறை முனையைச் சுற்றி அடுத்த கடற்கரையான ஒந்தர்ரேத்தாவுக்குப் போய்விடலாம். ஓதம் ஏறினால் மேலே சாலைக்கு வர வேண்டும். கோடியில் எதுவார்தோ சில்லீதா பாறைகளில் பதித்த மூன்று எஃகுச் சிற்பங்கள், 'காற்றின் சீப்பு'. கடல் கொந்தளிக்கும் நாளில் தரையிலுள்ள துளைகள் வழியே காற்றும் நீரும் பீய்ச்சி அடிக்கும். மழை நாளில் போக வேண்டிய இடம் இதுதான் என்பேன். பக்கத்திலேயே 1912 முதல் ஓடும் இழுவை ரயில் இகெல்தோ மலைக்கு ஏற்றிவிடும்.

பழைய நகரத்தில் '31 தே அகோஸ்தோ' என்ற தெரு வழியாகத்தான் பாதிக் கடைகளுக்குப் போவீர்கள். 1813 ஆகஸ்ட் 31 அன்று பிரெஞ்சுப் படையிடமிருந்து ஊரைக் கைப்பற்றிய ஆங்கிலேய, போர்த்துக்கீசியப் படைகள் ஊரைக் கொள்ளையடித்தன. ஊர் எரிந்து போனது. தப்பிய வீடுகள் இந்தத் தெருவில்தான் இருந்தன. கையில் தட்டோடு சிரித்து நிற்கும்போது அந்தத் தெருப்பெயரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

எப்போது, எப்படி

மே, ஜூன், அக்டோபர் முதல் பாதி ஆகியவை கூட்டத்துக்கு ஏற்ற காலம். ஆகஸ்ட் நடுவில் ஊர்த் திருவிழா, செப்டம்பர் பிற்பாதியில் திரைப்பட விழா. இரண்டிலும் அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். பொங்கல் விடுமுறையை ஒட்டிப் போக முடிந்தால் ஜனவரி 20-ஐ விடாதீர்கள். அன்று தம்பொர்ராதா: முந்தின நள்ளிரவு தொடங்கி 24 மணி நேரம், சமையல்காரர் உடையிலும் படைவீரர் உடையிலும் ஊரே முரசு அடிக்கும். மழை ஆண்டு முழுதும் உண்டு. குடையைவிட மழைக்கோட்டு மேல். குறுகிய சந்தில் எட்டுக் குடை விரியாது.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடா நகரம் ஒன்றில் மாறி மாட்ரிடோ பார்சிலோனாவோ போய், அங்கிருந்து பில்பாவோவுக்கு உள்நாட்டு விமானம் பிடிக்கலாம். பில்பாவோ விமான நிலைய வாசலிலேயே சான் செபாஸ்தியானுக்குப் பேருந்து நிற்கும், ஒன்றேகால் மணி நேரம். மாட்ரிடிலிருந்து ரயிலில் வந்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாள் வரை காத்திருக்க முடியாது. நண்பர் கூட்டத்துக்கு என்று குழு விசா எதுவும் இல்லை, ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரம் வாங்கிக் கைரேகை தர வேண்டும். எட்டுப் பேருக்கும் ஒரே வாரத்தில் நேரம் கிடைக்க வேண்டுமென்றால் நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். எட்டு விண்ணப்பங்களிலும் பயணத் திட்டமும் தங்கும் இடமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸும் பார்க்கிறீர்கள் என்றால், அதிக இரவுகள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும்.

நான்கு பாஸ்க் சொற்கள்: உள்ளே நுழையும்போது 'கய்ஷோ', கேட்கும்போது 'மெசெதெஸ்', வாங்கியதும் 'எஸ்கெர்ரிக் அஸ்கோ', கிளம்பும்போது 'அகுர்'. ஸ்பானியத்தில் சொன்னாலும் குறையில்லை. பாஸ்க் மொழியில் சொன்னால் கடைக்காரர் முகம் மலரும். தன் மொழியைப் பொத்திப் பாதுகாத்து வந்த மக்களிடம் அவர்கள் மொழியில் நன்றி சொல்வது எப்படிப்பட்டது என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

கிளம்பும் நாள் காலையில் போத்தேயைக் கொட்டி எண்ணிப் பாருங்கள். இருபது முப்பது யூரோ மிஞ்சியிருக்கும். பிரித்துக்கொள்ள வேண்டாம். லா வீன்யா திறந்ததும் சீஸ் கேக் வாங்கி நின்றபடியே பகிர்ந்து சாப்பிடுங்கள். இன்னும் மிஞ்சினால் இபார்ரா மிளகாய் பாட்டில்கள் ஆளுக்கொன்று. கண்ணாடி பாட்டில், உள்ளே திரவம். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள்.